ஜுஹைரின் பலகை

ஜுஹைர் எனக்குத் தர வேண்டியது எழுநூற்று நாற்பது ரிங்கிட். அவன் உடலைக் குளிப்பாட்டி வைத்து, மையத்துத் தொழுகைக்கு முன் அவன் தம்பி எழுந்து, "எங்க காக்கா யாருக்காச்சும் கடன் பாக்கின்னா சொல்லுங்க, இல்லன்னா மன்னிச்சிடுங்க" என்றான். நான் என் பாக்கியைச் சொன்னேன்.

"கடன் தீராம காக்கா நிம்மதியா போக முடியாது. பணம் வர்ற வரைக்கும் இதை வச்சிக்குங்கண்ணே" என்று ஜுஹைரின் எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டைக் கொடுத்தான்.

செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்கு அதில்தான் வேலைக்குப் போகிறேன். முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்தாலும் காலையில் பாதிதான் இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் பலகை ஈரமாக இருக்கிறது. பாதி வழியில் நின்றுவிடும். சுமந்துகொண்டு நடப்பேன்.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா வேலை பெர்மிட் புதுப்பிக்க மாட்டேன்லா" என்றார் முதலாளி.

நேற்றுப் படுக்கும்முன் பலகையிடம் சொன்னேன்: "கடனை மன்னிச்சிட்டேன் ஜுஹைரு. நீ போ."

காலையில் சார்ஜ் முழுதாக இருந்தது. பலகைமேல் ஈரமான இரண்டு பாதத் தடங்கள் வாசலைப் பார்த்து இருந்தன.