குடுவைக்குக் கதகதப்பு

பாக்டீரியாவுக்குத் தாலாட்டுப் பாடும் நிலைக்கு மனித குலமே இறங்கினாலும் நான் இறங்கமாட்டேன். அக்கா இறங்கிவிட்டாள். ஆய்வுக்கூடத் தரையில் சப்பணமிட்டு, சாராய ஆலைக் கழிவு நிரம்பிய குடுவையைத் துப்பட்டாவுக்குள் அணைத்து, மெல்ல ஆடியபடி முனகுகிறாள். உள்ளே பாக்டீரியாக்கள் கழிவைத் தின்று, மண்ணில் மக்கும் பிளாஸ்டிக் செய்துகொண்டிருக்கின்றன. குளிர்ந்தால் அத்தனையும் வீண். நாற்றம் பொறுக்காத துறைத்தலைவர், குடுவைகளைக் கதகதப்பாக வைத்திருந்த சூட்டுப்பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பழுப்பு நுரை மினுங்குகிறது. "பேரு வச்சாச்சாக்கா? ஸ்கூல்ல எப்போ சேக்குற?" என்கிறேன். "வாய மூடுடா, எரும." வாசலில் துறைத்தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நிற்கிறார். "சாக்கடைல கொட்டும்மா." "கொட்டமாட்டேன் சார். வேணும்னா என்னையும் சேத்துக் கொட்டுங்க." அவர் பார்வை மேஜைமேல் தனியாக இருக்கும் இரண்டாவது குடுவைக்குப் போகிறது. "அப்போ அத எடுத்துக் கொட்டுறேன்." அக்காவுக்கு இருப்பது ஒரே மடி. நான் அவரை முந்திக் குடுவையை எடுத்து, சட்டைக்குள் விட்டுப் பட்டனைப் போடுகிறேன். ஆறத் தொடங்கிய கண்ணாடி வயிற்றில் ஒட்டுகிறது. "இது என்னோடது சார்." அவர் என்னை முறைக்கிறார். நானும் முறைக்கிறேன். என் உடம்பு மட்டும் மெதுவாக முன்னும் பின்னும் ஆடுகிறது. உதடு அசையாமல், அக்கா பாடிய அதே ராகத்தை முனகிக்கொண்டிருக்கிறேன்.