ஞாயிற்றுக்கிழமை வண்டி

"பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுக்கச் சொல்லு" என்றார் மாமனார்.

ஸ்பானர் மருமகனின் காலடியில்தான் கிடந்தது. மருமகனும் கைக்கெட்டும் தூரத்தில்தான் குத்தவைத்திருந்தான். ஆனாலும் உத்தரவு வீட்டுக்குள் போய், சமையலறையில் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும் மகளைத் தொட்டுவிட்டு, மறுபடி வாசலுக்கு வர வேண்டும். அதுதான் அந்த வீட்டு நடைமுறை.

"ஏங்க, பதினாலாம் நம்பராம்!" உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள்.

"எடுத்துட்டேன்னு சொல்லு" என்று அவனும் அதே வழியில் பதில் அனுப்பினான்.

அவர்கள் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து மாமனார் அவனோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. இருவரும் வாசல் பக்கமே வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் மகளுக்கு போன் செய்தார்.

"உன் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவர்தானே? வந்து பாக்கச் சொல்லு. நீயும் வா. வண்டி ஓடற வரைக்கும்தான், சொல்லிட்டேன். அப்புறம் அவங்கவங்க வழியைப் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்கள். ஒரு வாரம் கார்புரேட்டரில் அடைப்பு. அதைச் சுத்தம் செய்து மாட்டினால், அடுத்த வாரம் கிளட்ச் கேபிள் அறுந்து தொங்கியது. புதுக் கேபிள் போட்டான். அதற்கடுத்த வாரம் ஃபியூஸ் போயிருந்தது. பழைய வண்டி, ஒன்று மாற்றி ஒன்று போகத்தான் செய்யும் என்று அவனும் சலிக்காமல் பார்த்தான். மாமனார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, உர்ரென்று மேற்பார்வை பார்ப்பார்.

உள்ளே அம்மாவும் மகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்க அவன் ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். வண்டி ஓடிவிட்டால் அடுத்த ஞாயிறிலிருந்து அது கிடையாது.

"கிக்கரை உதைக்கச் சொல்லு" என்றார் மாமனார்.

உதைத்தான். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி உதைத்தான்.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. அங்கே குடியிருக்கும் மெக்கானிக் பனியனோடு தெருவைத் தாண்டி வந்தார். தூக்கக் கலக்கத்தில் கண் சிவந்திருந்தது.

"எனக்கும் வாரத்துல ஒரு நாள்தாங்க லீவு. நீங்க ரெண்டு பேரும் உதைக்கிற உதை என் நெஞ்சுலயே விழற மாதிரி இருக்கு. தள்ளுங்க, நான் பாக்கறேன்."

"வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்" என்றார் மாமனார் அவசரமாக.

"ஆமாங்க, உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்றான் மருமகன், அவரைவிட அவசரமாக.

மெக்கானிக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீட்டைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு ஒயரை வெளியே இழுத்தார்.

"அட! ஸ்பார்க் குடுக்கற காயிலுக்குப் போற ஒயரைக் கழட்டி உள்ள சொருகி வச்சிருக்கு. தானா கழண்டிருந்தா சும்மா தொங்கும். இதுல முனையில டேப் சுத்தி, நீட்டா மடிச்சு... இது வேணும்னே பண்ண வேலைங்க. அதுவும் கரண்டு வேலை தெரிஞ்ச கை."

மருமகன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். கழற்றிய ஒயரின் முனையில் டேப் சுற்றாமல் விட்டால் லிஃப்ட் வேலையில் ஆளையே கொன்றுவிடும். பழகிய கை, திருட்டுத்தனம் பண்ணும்போதும் சும்மா இருக்கவில்லை.

சத்தம் கேட்டு மகளும் மாமியாரும் வாசலுக்கு வந்தார்கள்.

"நான்தான் கழட்டினேன்" என்றான். இந்த முறை மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை, மாமனாரைப் பார்த்தே சொன்னான். "போன வாரம் கிளம்பும்போது ரெண்டு தடவை டுபுடுபுன்னுச்சு. ஓடிடுமோன்னு பயந்துட்டேன் மாமா. ஓடிட்டா இவ இங்க வர முடியாது. இவ மனசு விட்டுச் சிரிக்கறதே இந்த ஒரு நாள்தான். தப்புதான், மன்னிச்சிடுங்க."

மாமியார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அவர் மோவாயைத் தடவினார். 'போச்சு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது' என்று மருமகன் முடிவே கட்டிவிட்டான்.

மெக்கானிக்குக் குடும்ப விவகாரம் எதற்கு? ஒயரை மாட்டிவிட்டு ஓங்கி உதைத்தார். வண்டி கம்மென்று கிடந்தது.

"ஆச்சரியமா இருக்கே!" பெட்ரோல் டியூபை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அடப்பாவமே, துணியைத் திரிச்சு உள்ள அடைச்சிருக்கு. இதுவும் நீங்கதானா தம்பி?"

"சத்தியமா இல்லைங்க. நான் ஒயரை மட்டும்தான்..."

எல்லாரும் மகள் பக்கம் திரும்பினார்கள். "என்னை ஏன் பாக்கறீங்க?" என்று அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எனக்கு அந்த வண்டியில பெட்ரோல் எங்க ஊத்தணும்னே தெரியாது, ஆளை விடுங்க" என்றார் மாமியார்.

மெக்கானிக் குறட்டால் துணியின் நுனியைக் கவ்விப் பிடித்தார்.

"அதை இழுக்காதய்யா" என்றார் மாமனார், தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு. "கேபிளை அறுத்து, ஃபியூஸைப் போக்கி, இனிமே கெடுக்க ஒண்ணுமே மிச்சமில்லாம நேத்து சாயங்காலம்தான் கஷ்டப்பட்டு அதை அடைச்சேன், அடுத்த வாரமும் புள்ளைங்க வரணும்ல?"