என் குரலில் திட்டுவது யார்

இப்போதெல்லாம் வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கம்ப்யூட்டரில் கோடு ஓடினால் நம்புகிறார்கள். என் தம்பி மாசிலாமணிக்கு இருபது வருடமாகக் காதுக்குள் ஒரு குரல் கேட்கிறது. நான் ஊரில் இல்லாத நாளிலும் அது என் குரலில் திட்டுமாம். அந்தக் கோபத்தில் என் வீட்டில் அவன் கை நனைப்பதில்லை. ஆராய்ச்சிக்கென்று, அவனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா எங்கள் இருவர் தலையிலும் ஒயர்களை ஒட்டி, "ஆ" என்று சொல்லச் சொன்னார்.

"நாம பேசறப்ப, இது நம்ம குரல்தானேன்னு மூளை கண்டுக்காது, கோடு அடங்கிரும். பெரியவரே, உங்களுது அடங்குது. தம்பிக்கு அடங்கல. அவரோட சொந்த நினைப்பே வேற ஆள் குரலா கேக்குதோன்னு பாக்கறோம்."

"அப்ப நான் திட்டல. இதத்தானே நானும் சொன்னேன்."

மாசிலாமணி சிரித்தான். "எனக்கும் சந்தேகந்தான்ணே. அது உன்னவிட மரியாதையா திட்டும்."

ஒயர்களைக் கழற்றியதும் எழுந்தேன். "வாடா, வீட்ல சாப்பிடலாம்."

அவன் டாக்டரம்மாவைப் பார்த்தான். "இப்பக் கூப்பிட்டது யாருங்க?"

"அண்ணன்தான்."

அவன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரில் பார்த்தபோது எனக்கென்னவோ எங்கள் இரண்டு பேர் கோடும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.