கண்டுபிடித்தோம்

எங்கள் நண்டு ஆய்வுக் கட்டுரைக்கு யார் யார் ஆசிரியர் என்பதை ஆய்விதழின் இயந்திரம்தான் முடிவு செய்யும். ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் பேசியதெல்லாம் அதற்குத் தெரியும். நண்டைத் தொட்டே அறியாத துறைத்தலைவரின் பெயரை நாங்கள் வழக்கம்போல முதலில் போட்டிருந்தோம். இயந்திரம் அதை எடுத்துவிட்டது. நான் இரண்டாவது. முதல் ஆசிரியர், தொட்டி கழுவும் அஞ்சுகம்.

“ஆசிரியரா? நான் டீச்சர் இல்லீங்களே!” என்று பதறினார் அஞ்சுகம்.

முதல் ஆசிரியர் சம்மதித்தால்தான் கட்டுரை வெளியாகும். இயந்திரம் அவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டியது. பௌர்ணமி நண்டில் சதை குறைவு என்று கண்டுபிடித்தோம் என்ற வரியில் அஞ்சுகம் சிரித்துவிட்டார்.

“கண்டுபிடிச்சோமா? இது எங்க குப்பத்துல எல்லாருக்கும் தெரியுமே!”

“அவர்களுடைய பெயர்களைச் சொல்லுங்கள்” என்றது இயந்திரம்.

அவர் சொல்லச் சொல்லத் திரையில் ஆசிரியர்கள் பெருகிக்கொண்டே போனார்கள். எண்பதைத் தாண்டியபோது, தன் பெயருக்காகக் காத்திருந்த துறைத்தலைவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

அஞ்சுகம் நிறுத்தினார்.

“கடலுக்குப் போயித் திரும்பாதவங்க பேரையும் சொல்லலாமுங்களா?”

“சொல்லும்மா” என்றார் துறைத்தலைவர், தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டபடி.