அறுபது கட்டங்கள்

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட குழல்களையும் கட்டைகளையும் பொருத்தி வேட்டைத் துப்பாக்கி செய்வது அருளப்பனின் தொழில். அன்று எடுத்த துப்பாக்கி அடிக்கட்டையில் எவனோ ஒரு சிப்பாய் கத்திமுனையால் அறுபது கட்டங்கள் கீறியிருந்தான். முதல் நாற்பத்தொரு கட்டங்களில் மட்டும் பெருக்கல் குறி.

"இத்தனை பேரையா சுட்டிருக்கான்?" என்றார் துப்பாக்கி கேட்டிருந்த எஸ்டேட்காரர்.

"சுட்டது இல்லீங்க. லீவுக்கு நாள் எண்ணியிருக்கான்."

அருளப்பன் இருந்த பட்டாளத்தில் எல்லோரும் எண்ணுவார்கள். போய்ச் சேர வீடில்லாததால் அவர் மட்டும் எண்ணியதில்லை.

"பார்க்க நல்லால்ல. தேய்ச்சு எடுத்துருங்க. எப்ப வரட்டும்?"

உப்புத்தாள் போட்டுத் தேய்க்க அரைமணி நேரம் போதும்.

"பத்தொம்பது நாள் கழிச்சு வாங்க."

எஸ்டேட்காரரின் ஜீப் கிளம்பியதும் அருளப்பன் கத்தியை எடுத்து, நாற்பத்திரண்டாவது கட்டத்தில் குறியிட்டார்.