ஐந்தாவது புகார்

செந்தில்வேல் இந்த முறையும் போனை எடுக்கவில்லை.

"குத்தம் உள்ளவன் எப்படிட்டி எடுப்பான்?" என்றாள் தோழி மீனா. "ஆலங்குளத்துல உக்காந்துக்கிட்டு ஒன் பொழப்புல மண்ணள்ளிப் போடுதான். அவனேதான்."

யோகலட்சுமி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாரம் ஒரு கதையைத் தன் குரலில் பதிவுசெய்து, சந்தா கட்டியவர்களுக்கு இணையத்தில் அனுப்புவது அவள் தொழில். செந்தில்வேலுக்கும் அதே தொழில்தான். போன வருடம், "ஒங்க சேனல எனக்குக் குடுத்துட்டு நீங்க ஒதுங்கிக்கிடுங்க" என்று கேட்டவன்.

நான்கு மாதமாக யாரோ ஒருவன் புதுப் பெயரிலும் புதுக் கார்டிலும் வருகிறான். ஒரு வருடச் சந்தா கட்டுகிறான். கதைகளையெல்லாம் இறக்கிக்கொள்கிறான். பிறகு, 'எனக்கு எதுவுமே வந்து சேரவில்லை' என்று தன் பேங்கில் புகார் கொடுக்கிறான். பணம் அவனுக்குத் திரும்பிப் போய்விடும். அபராதம் இவள் தலையில் விழும்.

பணம் வசூலித்துத் தரும் கம்பெனி, கார்டுக்காரனின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டது. ஐந்தாவது புகார் வந்தால் கணக்கை மூடிவிடுவோம் என்றும் எழுதியிருந்தது. கணக்கு போனால் கதையும் போச்சு.

அதனால்தான் போன வாரம் இருவரும் ஒரு பொறி வைத்தார்கள். குற்றாலத்தில் மீனா வீட்டு மாடியில், சாரல் சத்தம் கேட்காமல் ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு யோகலட்சுமி கதை சொன்னாள். மழைக்கு வரும் கடிதங்களைச் சுமந்துபோகும் ஒரு தபால்காரியின் கதை. அதன் முடிவை மட்டும் இரண்டு விதமாகப் பதிவுசெய்தாள்.

பழைய சந்தாதாரர்கள் எல்லாருக்கும் போன பிரதியில், தபால்காரி பையைப் பாறைமேல் வைத்துவிட்டு ஐந்தருவிக்குப் பின்னால் போய் மறைகிறாள். இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளுக்குப் போன பிரதியில் மட்டும் அவள் மறைவது சிற்றருவிக்குப் பின்னால்.

"அவன் வாயில இருந்து சிற்றருவின்னு ஒரு வார்த்த வரட்டும்" என்றாள் மீனா. "கதை வந்து சேந்ததுக்கு அதவிட என்ன சாட்சி வேணும்?"

போன் அடித்தது. செந்தில்வேல்தான். மீனா பாய்ந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, பத்து மிஸ்டு கால் கெடக்கு? வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

"சும்மாதான். என் புதுக் கதைய கேட்டீங்களா?"

"கேக்காம? எங்க அத்தை ஆரம்பத்துல இருந்து ஒங்க சந்தாதாரராச்சே. அவ போன்லதான் கேட்டேன். கடைசில அந்தப் பொம்பளைய ஐந்தருவிக்குப் பின்னால அனுப்பிட்டீங்க. அத்தை ஒரே அழுக. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, இப்படி ஒண்ணு எனக்கு எழுத வரலியேன்னு."

மீனாவின் முகம் தொங்கிப்போயிற்று. யோகலட்சுமிக்கு அவனைச் சந்தேகப்பட்டதே வெட்கமாக இருந்தது.

போனை வைத்த கையோடு மெயில் வந்தது. ஐந்தாவது புகார் பதிவாகிவிட்டது. கணக்கு இன்றோடு மூடப்படுகிறது.

வீடு திரும்பும் தென்காசி பஸ்ஸில் யோகலட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. கண்ணாடியை இறக்கத் தோன்றவில்லை. முந்நூறு பேர் அடுத்த வாரக் கதைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

அப்பா வல்லிநாயகம் சாயங்கால நடை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தார். காதிலிருந்த கறுப்பு இயர்போனைக் கழற்றி, பாட்டு கேட்டபடி நடந்தால் கால் வலி தெரியவில்லை என்று தானாகவே சொன்னார். பிறகுதான் மகள் முகத்தைப் பார்த்தார்.

"என்னட்டி, முகம் வாடிக் கெடக்கு?"

"கணக்க மூடிட்டாங்கப்பா."

அவர் இயர்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். மகளின் கதைகளில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்பார். கேட்கவும் மாட்டேன் என்பது அவருடைய வைராக்கியம். 'கதை சொல்லுத வேலைய விட்டாச்சுன்னா ஆவணியிலயே முடிச்சிருவோம்' என்று வீரகேரளம்புதூர் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியதிலிருந்து, வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

"விடு தாயி" என்றார். "பேங்க்ல முப்பத்திரண்டு வருசம் குப்ப கொட்டுனவன் சொல்லுதேன். வரலன்னு கார்டுக்காரன் எழுதிக் குடுத்துட்டா, நீ தலகீழா நின்னாலும் ஒண்ணும் ஆகாது. எல்லாம் நல்லதுக்குத்தான். வீகேபுதூர் மாப்பிள்ள வீட்டுக்கு நாளைக்கே போன் போட்டுருதேன்."

அவரே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டு வந்தார். சர்க்கரை அதிகம். யோகலட்சுமி ஒரு வாய் குடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த மட்டுமாவது ஆறுதல் சொல்ல ஓர் ஆள் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே சாரல் வலுத்தது. அவர் அதைப் பார்த்தபடி வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார், அடக்கினார். கடைசியில் அடக்க முடியவில்லை.

"ஏட்டி... சிற்றருவிக்குப் பின்னால போன அந்தத் தபால்காரி, திரும்பி வருவாளா, மாட்டாளா?"