வட்டம் குழியும் இடம்

குறைமாதக் குழந்தைகளின் வார்டுக்கு வெளியே, காலை வெயில் விழும் வாங்கில் அமர்ந்து பிறேம் குரோசே பின்னிக்கொண்டிருக்கிறான். ஓட்டோ ஓட்டிக் காய்த்த விரல்களுக்குள் மஞ்சள் நூல் மெல்ல ஓடுகிறது. உள்ளே இருக்கும் மகளுக்கு இந்தத் தொப்பியைத் தொடங்கியவள் அவன் மனைவி நிமலினி. இப்போது அவளுடைய வலக்கையில் சேலைன் ஊசி இருப்பதால் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறாள். எண்ணிக்கை தவறாமலிருக்க, சுற்று தொடங்கும் கண்ணியில் அவன் சிவப்பு நூல் துண்டொன்றைக் கோத்திருக்கிறான். ஆனாலும் பின்னல் தோசைபோலத் தட்டையாகவே விரிகிறது. "உது தொப்பியோ, மேசை விரிப்போ?" என்கிறாள் நிமலினி. "பொறும்," என்று அவன் போனில் உள்ள குறிப்பை உதடசைய மறுபடி வாசிக்கிறான். "ஒரு கண்ணிக்குள்ள இரண்டு போட்டால் விரியும். இனி ஒண்டு ஒண்டாப் போடவேணும். அப்பதான் எழும்பும். நான் இன்னும் கண்ணியைக் கூட்டிக்கொண்டிருக்கிறன்." கடைசிச் சுற்றுகளை முகம் சுளிக்காமல் அவிழ்த்துவிட்டு மீண்டும் பின்னுகிறான். மெல்ல மெல்ல விளிம்பு நிமிர்ந்து, தட்டு ஒரு சின்னக் கிண்ணமாகக் குழிகிறது. நிமலினி தொப்பியை விட்டுவிட்டு அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் நூலை அறுத்து, தொப்பியைத் தன் மடக்கிய கைமுட்டியில் போட்டுப் பார்க்கிறான். "பிள்ளைக்குப் பெரிசோ?" அவள் இடக்கையால் அதைத் தடவுகிறாள். "ஓம், கொஞ்சம் பெரிசுதான். வளருவாள்."